மக்காச்சோளக் காட்டுச் சத்தம்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது.

நான் விஜயராஜ். வானியற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பூமிக்கு வெளியே உயிர்கள் உண்டா என்று புத்தகங்கள் எழுதுகிறேன். எட்டயபுரம் பக்கம் கரிசல் நிலம் வாங்கி ஆண்டெனா நட்டேன். ஒருநாள் அதில் ஒரு சத்தம் வந்தது, விட்டு விட்டு, யாரோ மூச்சு விடுவது போல. வானத்திலிருந்து வருவதாக எழுதினேன். ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மனைவி போன பிறகு எனக்கென்று இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

பிரேமலதா கயத்தாற்றுப் பெண், என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தவள். கெட்டிக்காரி. பக்கத்து மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குப் பயந்து சாமித்துரை கரண்ட் வேலி போட்டிருந்தான். "அவிய வேலியில கரண்டு ஓடும்போது மட்டுந்தான் சார் நம்ம சத்தம் வருது" என்றாள். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அதைக் கட்டுரையாக எழுதப் போவதாகவும் சொன்னாள். என் அடுத்த புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. அவள்மீது கோபம் வரவில்லை. பயம் வந்தது.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நானே கூப்பிட்டேன். வேலிக் கம்பியில் கரண்ட் ஓடும் நேரத்தைப் பதியும் ஒரு சின்ன மீட்டரை மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து மாட்ட வேண்டும். டெஸ்டர் எதற்கு, என் காது போதும் என்று நான்தான் சொன்னேன். பொழுது சாயும் நேரம். அவள் வேலியோரம் நின்றாள். நான் அறையில் ஹெட்போனோடு இருந்தேன். போனில் கேட்டாள்: "சார், சத்தம் கேக்குதா? இல்லேன்னா மாட்டிருதேன்."

நன்றாகவே கேட்டது.

"கேக்கலம்மா, மாட்டு" என்றேன்.

நீங்கள் சாமித்துரையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். வேலி போட்டது அவன் குற்றம்தான், அவள் சாவு அவனுடையதல்ல. அவன் மனைவி செல்வமாரி என் வாசலில் வந்து அழுதாள். பாவமாக இருந்தது. அதனால்தான் வந்தேன்.

ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். வேலியை நீங்கள் பிடுங்கிப் போட்ட பிறகும் சத்தம் நிற்கவில்லை. செல்வமாரி காதில் ஹெட்போனை வைத்துக் கேட்கச் சொன்னேன். "ஒண்ணும் கேக்கலையே அண்ணாச்சி" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பழகாத காது, அவளுக்கு எப்படிக் கேட்கும்? எனக்கு ஹெட்போனைக் கழற்றினாலும் கேட்கிறது. இந்த அறையிலும் கேட்கிறது. கொஞ்ச நாளாக நடுவில் "சார்" என்று ஒரு பெண் குரலும் வருகிறது. வானத்தில் இருப்பவர்கள் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆக, வேலிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உண்டு என்று நம்பித்தான் பிரேமலதா கம்பியைத் தொட்டாள். என் மாணவி இவ்வளவு அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கக் கூடாது.