பெயர் கூப்பிடும் நாள்

"நாலு வயசுல வுட்டுட்டு வந்த ஊருக்கு இப்பவும் வழி சொல்றாரு" என்றார் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த பாய். எண்பதுகளில் ஒரு காலை, பழவேற்காட்டில் படகு கிளம்பும் நேரம். அவர் சொன்னது தன்னோடு வேலை செய்யும் பாலஸ்தீனக்காரரைப் பற்றி.

எதிரே இருந்த மீனவர் சிரித்தார். "நாலு வயசுல இன்னா பாய் ஞாபகம் இருக்கும்?"

"அதத்தான் மெஸ்ஸுல ஒருத்தன் கேட்டான். நீங்களாத்தான கெளம்பிப் போனீங்கன்னும் சொன்னான். இல்ல, துரத்துனாங்கன்னு இவரு எழுந்துட்டாரு. ரெண்டு நாள் சோறே துன்னல."

மீனவரின் சிரிப்பு நின்றது. ராக்கெட் தளத்துக்காகத் தீவிலிருந்து காலி செய்யப்பட்ட ஊர் அவருடையது. இப்போது இக்கரையில் வேறொரு ஊரில் குடியிருக்கிறார்.

"எங்களையும் அப்பிடித்தான் சொல்றாங்க பாய். கையெழுத்துப் போட்டு நீங்களாத்தான வந்தீங்கன்னு. ஏரியில எந்த ஊரு என்னிக்கு வலை போடணும்னு இன்னிக்குச் சீட்டு எடுக்கறாங்க. ஊருதான் இல்லியே, சீட்டுலருந்து எங்க ஊரு பேரை எடுத்துடலாம்னு பேச்சு."

எங்கள் அலுவலகத்தில் பட்டியலிலிருந்து பெயர் நீக்க மூன்று படிவங்கள் உண்டு. நீக்கியதைத் திரும்பச் சேர்க்க ஒன்றுகூடக் கிடையாது. அதே படகில் இருந்த நான் முப்பது வருடம் அந்த வேலை பார்த்த குமாஸ்தா.

"அவரு ஊரு பேரை இப்போ யாருனா கூப்புடறாங்களா பாய்?"

"அகதிங்க கேம்புல ஒரு தெருவுக்கே அந்தப் பேருதானாம். அங்க பொறந்த புள்ளைங்களும் எந்த ஊருன்னு கேட்டா அதத்தான் சொல்லுமாம்."

படகு கரை தட்டுமுன்பே மீனவர் முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"சீட்டு எடுக்கறப்போ எங்க ஊரு பேரையும் கூப்புடச் சொல்றேன் பாய். வலை போட ஒருத்தனும் வராட்டியும், நான் எழுந்து நின்னு கீறோம்னு சொல்றேன்."