சிவப்பு மருந்து

எழிலனுக்குத் தயிர்சாதம் என்றால் உயிர். ஆனால் தயிர் ஒரு பொட்டு புளித்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதனால் எங்கள் வீட்டில் காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாக உறை ஊற்றுவது வழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்கிற விஷயம் ஒரு தயிர்சாதக் கிண்ணத்தில்தான் தொடங்கியது. உங்கள் ஏட்டு அவனை 'நாய்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதட்டும். சட்டத்துக்கு அப்படித்தான் தெரியும்.

என் பெயர் அமராவதி. வயது அறுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க நர்ஸாக இருந்தேன். கடலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் எத்தனையோ பேருடைய தோள் தழும்பு நான் போட்ட ஊசியால் வந்தது. என் கணவர் ராஜமாணிக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் போன மூன்றாம் மாதம் எழிலன் வந்தான், நாற்பது நாள் குட்டியாக, வெள்ளைப் பொமரேனியன். அந்தப் பெயர் புதிதாக யோசித்தது இல்லை. கல்யாணமான வருடத்திலிருந்து நாங்கள் ஒரு பிள்ளைக்காக எடுத்துவைத்திருந்த பெயர்.

ஒரு வயதில் திருவந்திபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். கோயிலுக்குள் அவனை விடமாட்டார்கள் என்று தெரியும். வீட்டிலேயே கொஞ்சம் முடி நறுக்கி, மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப்போய்க் கெடிலம் ஆற்றில் விட்டேன். பிறந்தநாளுக்குத் தெரு முழுக்கக் கேக் கொடுத்தேன். வீட்டு வேலைக்குக் குடிகாட்டிலிருந்து வரும் இருசம்மாள் அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் வாய்தவறி 'நாயி' என்றுவிட்டாள். இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. அதன்பிறகு அவள் தவறியதே இல்லை.

தடுப்பூசியைப் பற்றிக் கேட்டீர்கள். குட்டியாக இருந்தபோது முதல் ஊசி போட்டார்கள். மூன்று நாள் காய்ச்சல். என் மடியில் படுத்துக்கொண்டு என்னையே பார்த்தான், நீயுமா அம்மா என்று கேட்பதுபோல. ஊர்ப் பிள்ளைகள் கதறக் கதறப் போட்ட கைதான் இது. அந்தப் பார்வையை மட்டும் தாங்க முடியவில்லை. அடுத்த வருடத்திலிருந்து மருந்து வாங்கி வந்து நானே போடுவதாகக் கால்நடை டாக்டரிடம் சொன்னேன். நர்ஸம்மா சொன்னால் நம்ப வேண்டியதுதானே. அட்டையில் ஒவ்வொரு வருடமும் தேதியை மட்டும் எழுதினேன். எதிர்வீட்டுச் சுப்புராயனுக்கு அப்போதே என்மேல் ஒரு கண். "ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுருக்கீங்கல்ல?" என்று வருடாவருடம் கேட்பார். அட்டையைக் கொண்டுவந்து காட்டுவேன். உங்களுக்கு மனு எழுதிப் போட்டதும் அவராகத்தான் இருக்கும். நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

சித்திரை மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு தெருநாய் எழிலனின் காதைக் கடித்துவிட்டது. வீட்டுக்குத் தூக்கிவந்து சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைத்தேன். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை கீழே விழுந்து எழுந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்.

வைகாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல்நாளிலிருந்தே அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வெயிலின் அலுப்பு என்று நினைத்தேன். இருசம்மாள் தயிர்சாதக் கிண்ணத்தைக் கட்டிலடியில் தள்ளினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. அவள் என்னமோ செய்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. காரணம் இல்லாமல் கடிக்கிற பிள்ளை இல்லை அவன்.

"நான் பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுக்கிட்டு வந்துடறேன் நர்ஸம்மா," என்றாள்.

"அங்க போனா எந்த நாய், யார் வூட்டு நாய்னு கேப்பாங்க இருசு. எழுதிக்குவாங்க. அப்புறம் தம்பியைக் கூண்டுல வெச்சிப் பாக்கணும்பாங்க. நான் நர்ஸுதானே, நானே போடறேன்."

அவள் எழிலனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "சரிங்க நர்ஸம்மா. தம்பியக் கூண்டுல போட்டா நீங்க தாங்க மாட்டீங்க," என்றாள்.

அலமாரியில் சத்து ஊசிமருந்து இருந்தது. வைட்டமின். சிவப்பாக இருக்கும். அதைப் போட்டேன். உண்மையான மருந்தை ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறீர்கள். மருந்துக்கடையில் எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள். அது ஒரு பக்கம். இன்னொன்று, உண்மையான மருந்தை வாங்கினால் என் பிள்ளைக்கு அந்த நோய் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஒரு தாய் அதைச் செய்ய முடியாது. அவனுக்கு ஒன்றுமில்லை என்று நான் மனதார நம்பினேன். இந்த வரியைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் இரண்டாவது ஊசி. முறைப்படி பூஜ்யம், மூன்று, ஏழு, இருபத்தெட்டு. நாள் தவறவில்லை. இருசம்மாள் உடைத்த குப்பியைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சிதம்பரத்தில் நர்ஸுக்குப் படிக்கிற தன் மகள் அனுப்பிரியாவிடம் காட்ட வேண்டுமாம். குப்பியின் தாளை நான் உரித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், எழிலன் போய்விட்டான். அதற்கு முன் இரண்டு நாள் அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகியதை, தண்ணீரை விழுங்க முடியாமல் தவித்ததை, என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். துடைத்துத் துடைத்து என் கைதான் நனைந்தது. என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

தெருவுக்கு இருதயக் கோளாறு என்று சொன்னேன். அன்று மாலையே 'கண்ணீர் அஞ்சலி' பேனர் வைத்தேன். சிவப்புச் சட்டை போட்ட படம், மேலே 'எங்கள் செல்வம் எழிலன்', கீழே 'அம்மா அமராவதி'. தெருவே வந்து நின்றது. என் கணவருக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. சுப்புராயன் மாலையோடு வந்தார். அந்த மாலையை வாங்கிப் போட்டுவிட்டு, நான் திரும்பி, இவன் வெறிபிடித்துச் செத்தான் என்று சொல்ல வேண்டுமா? பேனரில் இருக்கிற பிள்ளையை ஊர் 'வெறிநாய்' என்று சொல்லும். ஆயுசுக்கும் சொல்லும்.

பிறகு என் மனசு ஆற வேண்டும் என்று நான்கு முறை சிதம்பரம் போய்வந்தேன். நடராஜர் சந்நிதியில் அவன் பெயருக்கு அர்ச்சனை. ஆண்டவனுக்குப் பெயர் சொன்னால் போதும், எந்த ஜாதி உயிர் என்று கேட்பதில்லை.

கடிபட்ட ஏழாம் நாள் மூன்றாவது ஊசி போட்டேன். இருசம்மாள் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "தம்பி இப்பிடித் திடீர்னு போயிடுச்சே. எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல நர்ஸம்மா?"

"அதான் ஊசி போட்டுக்கிட்டு வர்றேனே."

"அது சரிதான். இந்தச் செவப்பு மருந்து ஏறுனதுலேருந்து ஒடம்புல தெம்பு ஜாஸ்தியா இருக்கு," என்று சிரித்தாள்.

எழிலன் போன பதினாறாம் நாள் படையல் போட்டேன். வடை, பாயசம், அவனுக்குப் பிடித்த தயிர்சாதம். அத்தனையும் இருசம்மாள் சமைத்தது. படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, "தம்பி, எந்தக் கொறையும் வெக்காத போய்ச் சேரு," என்று அழுதாள். இலையைப் போட்டு அவளுக்கு நானே பரிமாறினேன். கடிபட்ட இருபத்தெட்டாம் நாள் நான்காவது ஊசி. அன்றைக்குத்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "ஒங்கள சிதம்பரத்துல ஆஸ்பத்திரியில பாத்தேன்னு பாப்பா சொன்னா. இன்னொருதரம் வந்தா அவளப் பாத்துட்டுப் போவச் சொன்னா." முழங்கால் வலி, காட்டப் போனேன் என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே கண் எல்லாவற்றையும் கவனிக்கும்.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். கடிபட்ட இடத்தில் குறுகுறுவென்று இருக்கிறது என்றாள். அடுத்தநாள் வேலைக்கு வரவில்லை. மகள் இருக்கும் இடம் என்று சிதம்பரத்துக்கே கொண்டுபோனார்கள். நானும் போனேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதா என்று இளநீர் வாங்கிப்போனேன். அதைக் கண்டதும் அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நோய்க்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்து இளநீரை வெளியே கொண்டுபோய் வைத்தேன். டாக்டர்களிடம் அவள், "நாலு ஊசியும் நர்ஸம்மா போட்டுட்டாங்க, எனக்கு அது இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

அனுப்பிரியா அழவில்லை. மஞ்சள் டப்பாவில் அம்மா சேர்த்து வைத்திருந்த நான்கு குப்பிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அடியில் ஒட்டியிருந்த சொட்டு இன்னும் சிவப்பாக இருந்தது. "இது எந்த ஊரு வெறிநாய்க்கடி மருந்துங்க நர்ஸம்மா?" என்றாள்.

எழிலன் போனபிறகும் அவளைக் காப்பாற்ற நாள் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. இரண்டு மாதத்துக்கு மேலேயே இருந்தது. தெரிந்தேதான் அந்தச் சிவப்பு மருந்தைப் போட்டேன். அவள் சாவுக்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது மேஜைமேல் வைத்தீர்களே, சிதம்பரம் ஆஸ்பத்திரிச் சீட்டு, அதில் இருப்பது என் பெயர்தான். அனுப்பிரியாதான் பதிவேட்டில் தேடி எடுத்திருப்பாள். எழிலன் இறந்த மறுநாள் தொடங்கி நான்கு தேதிகள், நான்கு ஊசிகள், எல்லாம் உண்மையான மருந்து. அவன் எச்சில் பட்ட என் கையில் அருவாமணைக் கீறல் ஒன்று இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் கவனியுங்கள். கடித்தது எது என்று அங்கே கேட்டபோது, ஊர்பேர் தெரியாத தெருநாய் என்றுதான் எழுதச் சொன்னேன். அங்கேகூட என் பிள்ளையை நான் காட்டிக்கொடுக்கவில்லை.