பின்சக்கரத்தில் காது வைத்தவன்

சக்கரம் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கறுப்பா, வெள்ளியா, வெண்கலமா என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எண்ணை யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்கவில்லை, ஐயா. டயர் எந்தக் கம்பெனி, எவ்வளவு பழசு, வண்டி என்ன வேகத்தில் போனது என்றெல்லாம் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். விசாரணை முடிந்து நீங்கள் எழுந்து போகும்போது உங்கள் ஏட்டு 'மட்டமான டயர்' என்று எழுதுவதைப் பார்த்தேன். அதனால்தான் உங்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். அது நல்ல டயர். நானே பார்த்து எடுத்தது. அதன்மேல் பழி விழுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ரிம்முக்கு அகலம், உயரம் தவிர இன்னோர் எண் உண்டு. ஆஃப்செட் என்போம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, போல்ட் போட்டு வண்டியோடு சேர்க்கும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும், கூடக் கூட உள்ளே போகும். எல்லாம் மில்லிமீட்டர் சமாசாரம். சாதாரண வண்டியில் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். ஸ்பிரிங் மாற்றித் தரையோடு தரையாக இறக்கிய வண்டி அப்படி இல்லை. அதில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. சக்கரம் அளவுக்கு மீறி வெளியே நின்றால், பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கும்போது மட்கார்டின் விளிம்பு டயரின் தோளில் வந்து உட்காரும். உள்பக்கமாக மடித்துவிடாத விளிம்பு வெறும் தகரம். பார்க்கச் சாதுவாக இருக்கும்.

அதனால் எங்கள் கடையில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். சக்கரம் மாட்டி முடித்ததும் வண்டி நிறைய ஆள் ஏறுவார்கள். வண்டிக்காரர், அவரோடு வந்தவர்கள், பக்கத்து பேட்டரிக் கடைக்காரர், போதாவிட்டால் தெருவில் சும்மா போகிறவர். வாசலில் இருக்கும் வேகத்தடைமேல் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்குவோம். நான் பின்சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி கூடவே நடப்பேன். 'காது வைக்கிறது' என்று இதற்குப் பெயர். உள்ளே இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது. நான் 'வருது' என்றால் வண்டி திரும்ப ஜாக்கியில் ஏறும், விளிம்பை மடிப்போம், இல்லாவிட்டால் ரிம்மை மாற்றுவோம். 'இல்ல' என்றால் சாவி கைமாறும். அதில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

வண்டியை ஓட்டுவது மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். கடை இருவருக்கும் பொது. பேச்சு அவருடையது, அளவு என்னுடையது. அவர் பேசினால் வழி கேட்க வந்தவனும் ரிம் வாங்கிக்கொண்டு போவான். ஆனால் டேப்பைக் கையில் கொடுத்தால் எந்த முனையைப் பிடிப்பது என்று தேடுவார். நான் அதற்கு நேர்மாறு. நான் வாயைத் திறந்தால் வாங்க வந்தவனும் ஓடிவிடுவான் என்று தங்கை கேலி செய்வாள். உண்மைதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மதியம் அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவளுடைய பெண், முதல் வகுப்பு படிக்கிறாள், எங்களுக்கெல்லாம் பாப்பா, என் தோளில் ஏறியே வளர்ந்தவள். அந்த வீட்டைத் தவிர எனக்கென்று வேறு இடம் கிடையாது. தேடிக்கொள்ளவும் இல்லை.

மாப்பிள்ளை தன் காரைத் தரையோடு இறக்கி ரொம்ப நாளாகிறது. திடீரென்று அதற்குப் புதுச் சக்கரம் வேண்டும் என்றார். "மட்கார்டோட ஒட்டி நிக்கணும் மச்சான். பாக்கிறவன் திரும்பிப் பாக்கணும்" என்றார். அளந்தேன். ஆஃப்செட் முப்பத்தெட்டு சரியாக நிற்கும். சக்கரம் எடுப்பாகவும் தெரியும், ஐந்து பேர் உட்கார்ந்தாலும் உரசாது. அதற்குத் தகுந்த டயரும் சொல்லி ஆர்டர் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் போர்டு எழுதுகிறவர் கடைக்கு வந்தார். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். புதுக் கடை போர்டில் சக்கரப் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். எந்தப் புதுக் கடை என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். ஊருக்கு வெளியே, மேம்பாலம் தாண்டி விலாசம். மாப்பிள்ளை பெயரும், எங்களுக்குச் சரக்கு போடும் டயர் ஏஜெண்டின் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. படத்தில் இருந்தது நான் முதன்முதலில் என் கையால் அளந்து சக்கரம் மாட்டிய கார். அது மட்டும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. படம் சரியாக இருக்கிறது என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பார்த்ததைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

மதியம் சாப்பிடப் போனேன். தங்கை அன்று வழக்கத்தைவிட விழுந்து விழுந்து கவனித்தாள். ஏதாவது விசேஷமா என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லண்ணே. ஏன் கேக்குற?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினாள்.

அந்நியன் ஏமாற்றினால் கோபம் வரும். சட்டையைப் பிடிக்கலாம். கூடப் பிறந்தவள் ஏமாற்றினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டே தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டேன். கை கழுவும்போது அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பிறகு நான் அவர்களுக்கு எத்தனையோ வாய்ப்புக் கொடுத்தேன், ஐயா. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடை இடம் போதவில்லையே என்று நானாகப் பேச்செடுத்தேன். மாப்பிள்ளை, இதுவே போதும் மச்சான், நமக்கு என்ன குறை என்றார். ஏஜெண்ட் இப்போதெல்லாம் அடிக்கடி வருகிறாரே என்றேன். சும்மா பழக்கத்துக்கு வருகிறார் என்றார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் பேட்டரிக் கடைக்காரர், அப்ப நீங்க மட்டும் இங்கேயே இருந்துக்குவீங்களா என்று பாவப்பட்டுக் கேட்டார். தெருவுக்கே தெரிந்திருந்தது. என்னை ஏமாற்ற இவ்வளவு பாடுபட்டிருக்கவே வேண்டாம். கேட்டிருந்தால் அளந்து கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பேன்.

சக்கரம் வந்தது. மாட்டினேன். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏஜெண்ட் அன்று கடையில்தான் இருந்தார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவரும் பேட்டரிக் கடை ஆட்களும் பின்னால் ஏறினார்கள். மாப்பிள்ளை வேகத்தடைமேல் ஏற்றினார். நான் குனிந்து காது வைத்தேன். வலது பின்சக்கரத்தில், துணி கிழிவதுபோல ஒரு சின்னச் சத்தம். இறங்கும்போது இன்னொரு தடவை.

மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டினார். "சத்தம் வருதா மச்சான்?"

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத் தவிர நான் அவரிடம் எப்போதும் பொய் சொன்னதில்லை. அவர் சொன்னதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

சத்தம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். மாட்டியது முப்பத்தெட்டு இல்லை. போர்டு எழுதுகிறவர் போன கையோடு ரிம் சப்ளையருக்குப் போன் செய்து, பின்சக்கரம் இரண்டையும் முப்பதாக மாற்றினேன். டயரிலும் ஓர் அளவு அகலம் கூட்டினேன். விளிம்பை மடிக்கவில்லை. ஆனால் அப்போதும் நான் எதையும் முடிவு செய்துவிடவில்லை. காது வைக்கும் நாள்வரை நேரம் இருந்தது. அதற்குள் அவர்கள் வாய் திறந்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த வண்டியில் தனியாகப் போனால் பயமில்லை. நிறைய ஏற்றி, வேகமாகப் போய், மேம்பாலத்து இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டால்தான் தகரம் டயரைச் சீவத் தொடங்கும். டயர் எந்த இடத்தில் வெடிக்கும் என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வெடிக்காது என்று தெரியும்.

மறுநாள் காலையிலேயே புதுக் கடைக்குக் கிளம்பினார்கள். எனக்குச் சொன்னது, யாரோ தெரிந்தவர் கடைக்குச் சாம்பிள் சக்கரம் கொடுத்துவிட்டு அப்படியே சுற்றிவிட்டு வருகிறோம் என்று. தங்கை புதுப் புடவையில் இருந்தாள். சாம்பிள் சக்கரங்களை டிக்கியில் நான்தான் ஏற்றினேன். மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி, கனம் தூக்கக் கூடாது. முன்னால் அவரும் தங்கையும். பின்னால் ஏஜெண்டும் பாப்பாவும். இன்னோர் ஆள் உட்கார நடுவில் இடம் காலியாக இருந்தது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை. 'நீயும் வா' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அங்கேயே வண்டியை நிறுத்தியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

பாப்பாவுக்கு நான்தான் பெல்ட் போட்டுவிட்டேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வாங்க மாமா. இடம் இருக்குல்ல" என்றாள்.

தங்கை சட்டென்று திரும்பி, மாமாவுக்குக் கடையில் வேலை இருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன். சின்னப் பிள்ளை சொல்வதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வண்டி வளைவில் திரும்பும்வரை வாசலில் நின்றேன். சக்கரம் அழகாகத்தான் இருந்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். டயர் மட்டமில்லை, மாப்பிள்ளை கண்மண் தெரியாமல் ஓட்டவும் இல்லை. எண்ணை மாற்றியது நான். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இல்லை என்றது நான். யார் யார் ஏறுவார்கள் என்று தெரிந்துதான் செய்தேன். மூன்று பேரையும் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பாப்பா கண் விழித்துவிட்டாளாம். பெல்ட் இருந்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னதாக உங்கள் ஆள் வெளியே பேசிக்கொண்டிருந்தார். அதைப் போட்டுவிட்டது நான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வண்டியில் எனக்குத் துரோகம் செய்யாதவள் அவள் ஒருத்திதான். இனி அவளுக்கு அம்மா வழியில் நான் மட்டும்தான் இருக்கிறேன். இந்த எழுத்து வேலை முடிந்ததும் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஐயா. புது இடம், பயந்துபோயிருப்பாள். நம்பிக்கையான ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.