காயம்பட்டவர் கணக்கு

என் கடைக்கு வருகிற ஆண்கள் எல்லோரும் அழகர்கள், பெண்கள் எல்லோரும் அழகிகள். காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவாள். பல் போன கிழவராக இருந்தாலும் "வாங்க அழகா, வழக்கமா சாப்பிடறதுதானே?" என்றுதான் கேட்க வேண்டும். ஐயா, உங்களையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். சீருடை இல்லாமல் வருவீர்கள், முட்டை ரொட்டிக்குக் காரச் சாந்து வேண்டாம் என்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னை விசாரிக்கிறவரை அழகா என்று கூப்பிடுவது நன்றாக இருக்காது என்பதால் இப்போது ஐயா என்கிறேன்.

நீங்கள் போட்டுக் காட்டிய படத்தைப் பார்த்தேன். ஸ்கூட்டரில் காத்து நின்ற அந்தப் பெண்ணின் தலைக்கவசத்தில் கேமரா இருந்திருக்கிறது. நான் யோசித்திருக்க வேண்டும். தைவானில் எவர் வண்டியில்தான் கேமரா இல்லை? மஞ்சள் கொடியும் பச்சை மேலங்கியுமாக நிற்பது நான்தான். லூ பெரியவரைக் கையசைத்துச் சாலையில் இறக்கிவிட்டதும் நான்தான். மறுக்கப் போவதில்லை. ஆனால் உங்கள் படம் கடைசி நிமிடத்தை மட்டும் காட்டுகிறது. அந்தச் சந்திப்பின் கதை அதைவிட நீளம்.

சந்திப்பை உங்களுக்கே தெரியும். மூலையில் என் கடை, எதிரே முடிதிருத்தும் கடை, அதற்குப் பின்னால் தொடக்கப்பள்ளி. நடப்பவர்களுக்கான விளக்கில் பச்சை மனிதன் தோன்றுகிற அதே நேரத்தில், வலது பக்கம் திரும்புகிற வண்டிகளுக்கும் பச்சை விழும். ஆக, நடப்பவனுக்கும் போ என்கிறது, அவனை இடிக்கப்போகிற லாரிக்கும் போ என்கிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சை மனிதன் ஓட ஆரம்பிப்பான். முழங்கால் வலிக்காரர்களும் புத்தகப்பை சுமக்கிற பிள்ளைகளும் அவனோடு ஓட வேண்டும். இப்படி ஒரு விளக்கை வைத்தவன் ஒருநாளும் அந்தத் தெருவை நடந்து கடந்திருக்க மாட்டான்.

என் வீட்டுக்காரர் பெயர் ஆ-துவான். முடிதிருத்தும் கடைக்காரிக்குச் சோயாப்பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போனார். பச்சையில்தான் போனார். திரும்பிய கார் அவரைத் தூக்கி எறிந்தது. மருத்துவமனையில் மூன்றாம் நாள் காலை இறந்தார்.

நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. வட்டத் தலைவர் ஜுவாங்கைப் பிடித்து மனு எழுதினேன். நடப்பவர்களுக்குத் தனி முறை வேண்டும், அந்த நேரத்தில் எந்த வண்டியும் திரும்பக் கூடாது, அவ்வளவுதான் கேட்டேன். கூட்டு ஆய்வு என்று ஒன்று வைத்தார்கள். காலைச் சந்தடி எல்லாம் அடங்கியபிறகு வெயில் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. என் கடை நிழலில் நின்றார்கள், சுட்டுவிரலால் நாலா பக்கமும் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள், என் சோயாப்பாலைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் 'மெதுவாகச் செல்க' என்று ஒரு பலகை வந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் வரிக்குதிரைக் கோடுகளுக்குப் புதிதாக வெள்ளை வண்ணம் அடித்தார்கள். மழையில் அது வழுக்கும் என்பது தனிக் கதை.

எல்லா ஆய்வுக்கும் என்னோடு வந்து நின்றவர் ஒரே ஒருவர், லூ பெரியவர். பழைய ராணுவக்காரர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஒரு காது கேட்காது, கண்ணில் புரை. ஆனாலும் தடியை ஊன்றிக்கொண்டு, என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, அதிகாரிகளைத் திட்டிக்கொண்டே நிற்பார்.

"ஏம்ப்பா, தொப்பி போட்ட மகராசா, வெயிலு இப்பதான் கண்ணுக்குத் தெரியுதா? காலையில பிள்ளைங்க போற நேரத்துல வந்து பாருடா," என்பார்.

"தாத்தா, கொஞ்சம் பொறுமையா இருங்க," என்பார் பொறியாளர் குவோ.

"பொறுமையா? எனக்கு எம்பத்துநாலு. நான் பொறுத்தா நீதான் எனக்கு ஊதுபத்தி ஏத்தணும்."

குவோ கெட்டவர் இல்லை. என்னைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னவரும் அவர்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தனி முறை விட்டா வண்டி தேங்கும், மேல இருக்கிறவங்க புள்ளிவிவரம் கேப்பாங்க. இந்தச் சந்திப்புல சாவு ஒண்ணுகூட இல்ல."

"என் வீட்டுக்காரர்?"

அவர் தலையைச் சொறிந்தார். "இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள போனாத்தான்க்கா சாவு கணக்கு. அண்ணன் மூணாம் நாள் போனார். அவர் காயம்பட்டவர் கணக்குல இருக்கார்."

"அவரை எரிச்சாச்சு தம்பி. சாம்பல் அஸ்தி வைக்கிற கோபுரத்துல இருக்கு. இன்னும் காயம்பட்டவரா?"

"படிவம் அப்படிக்கா," என்றார்.

பக்கத்தில் நின்ற வட்டத் தலைவர் பெருமூச்சு விட்டார். "என்ன பண்றது லான். அந்த இடத்துலயே ஒண்ணு ஆயிருந்தா மறுவாரமே விளக்கு வந்திருக்கும்."

அவர் ஆறுதலுக்காகச் சொன்னார். ஆனால் எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு தெளிவாக வழி சொன்னதில்லை. அன்று முழுக்க நான் மாவு கரைத்தேன், ரொட்டி புரட்டினேன், அழகா அழகி என்று கூப்பிட்டேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் வீட்டுக்காரர் உயிர் இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது வீண் என்று தோன்றியது, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு 'போகாதே, போகாதே' என்று கெஞ்சியவளும் நான்தான்.

அதன்பிறகுதான் கொடி பிடிக்கும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பள்ளி நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவேன், வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். திரும்புகிற வண்டிக்குக் குறுக்கே கொடியை நீட்டி, விசில் ஊதி, பிள்ளைகளைச் சாலை கடக்கவிடுவேன். நான் நின்ற காலத்தில் ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்பு உண்டா என்று பள்ளியில் கேட்டுப் பாருங்கள். தலைமை ஆசிரியை எனக்கு நன்றிப் பலகைகூடக் கொடுத்திருக்கிறார்.

வட்டத் தலைவர் சொன்ன அந்த 'ஒண்ணு'க்குப் பிள்ளைகளை நான் ஒருபோதும் நினைக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. தாய்மார்களையும் விலக்கினேன், அவர்களை நம்பி வீட்டில் யாராவது இருப்பார்கள். முடிதிருத்தும் கடைக்காரி ஒருமுறை நினைவுக்கு வந்தாள், அவளுக்குச் சோயாப்பால் கொடுக்கப் போனதில்தானே எல்லாம் ஆரம்பித்தது. ஆனால் அது பழிவாங்குவது மாதிரி ஆகிவிடும். எனக்கு யார் மீதும் பழி இல்லை. யாருக்கும் அதிகம் குறையாதபடி ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் லூ பெரியவர்தான் மிஞ்சினார். அவர் எங்கள் பக்கத்து ஆள். அந்த விளக்குக்காக அவரைவிட அதிகம் வாய் கிழியப் பேசியவர் யாருமில்லை. முறையாகக் கேட்டிருந்தால் சரி என்றே சொல்லியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். கேட்கவில்லை, ஏனென்றால் அவர் சத்தமாகப் பேசுவார், தெருவே கேட்கும்.

அவர் விளக்கைப் பார்க்கவே மாட்டார். "விளக்கு பொய் சொல்லும். நீ சொல்லு, நான் வர்றேன்," என்பார். நான் கையசைத்தால் இறங்குவார், உள்ளங்கையைக் காட்டினால் நிற்பார்.

அன்று பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போய்ப் பள்ளி மணியும் அடித்துவிட்டது. அவர் பூங்காவிலிருந்து வந்து எதிர் ஓரத்தில் நின்றார். சரளை லாரி ஒன்று திரும்ப வந்தது. தினமும் வருகிற லாரி, அந்த வளைவில் அந்த ஓட்டுநர் வேகம் குறைத்து நான் பார்த்ததில்லை. பச்சை மனிதன் நடந்துகொண்டிருந்தான். நான் வழக்கம்போல் நீட்டியிருந்த கொடியை லாரிக்காக மடக்கிக்கொண்டேன். பெரியவரைப் பார்த்துக் கையசைத்தேன். உங்கள் படத்தில் இருப்பது இதுதான். சட்டப்படி பார்த்தால் அவர் பச்சையில்தான் இறங்கினார், லாரியும் பச்சையில்தான் திரும்பியது. நான் கையை மட்டும்தான் அசைத்தேன்.

படத்தில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன், விசாரிக்கிறவரிடம் அரைகுறையாகச் சொல்வது மரியாதை இல்லை.

அவர் உடனே போகவில்லை. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கால்கள் இரண்டும் போய்விட்டிருந்தன, ஆனால் முகத்தில் ஒரு கீறல் இல்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ராணுவ உடம்பு. மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் மூன்று நாள், நான்கு நாள் இழுத்துக்கொண்டு கிடப்பார். அப்புறம் அவரும் காயம்பட்டவர். எல்லாம் வீண்.

"லான், உனக்கு ஒண்ணும் அடிபடலையே?" என்று கேட்டார்.

"இல்லய்யா. நீங்க பேசாதீங்க."

"கொடிய நல்லா நீட்டிப் பிடிம்மா. அவனுங்க கண்ணு தெரியாத பசங்க."

கூட்டம் கூடிவிட்டது. முடிதிருத்தும் கடைக்காரி கையில் சீப்போடு ஓடிவந்தாள். "ஐயோ லான் அக்கா, ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். லாரி ஓட்டுநரும் அதையே கேட்டார்.

"சொல்லியாச்சு, வந்துட்டே இருக்கு," என்றேன்.

பச்சை மேலங்கி போட்டவள் சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள். ஒவ்வொருவரும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கை தளர்ந்தபிறகுதான் கைப்பேசியை எடுத்தேன். ஆம்புலன்ஸ் ஆள் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது, இங்கேயே முடிந்துவிட்டதா என்று கேட்டேன். நான் தவிப்பில் கேட்கிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

வட்டத் தலைவர் சொன்னது பலித்தது. மறுவாரமே இல்லை என்றாலும் கோடை முடிவதற்குள் விளக்கு வந்துவிட்டது. தனி முறை. நடக்கிறவர்கள் நடக்கிறபோது நான்கு பக்கமும் வண்டிகள் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கின்றன. திறப்பு விழாவுக்கு மாலை போட்டுக்கொண்டு பெரிய மனிதர்கள் வந்தார்கள். அதே வெயில் தொப்பிகள், அதே சுட்டுவிரல்கள். குவோ என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். நான் அவருக்கு ஒரு முட்டை ரொட்டி மடித்துக் கொடுத்தேன். கூட்டம் கலைந்தபிறகு, ஆ-துவான் விழுந்த இடத்தில் நின்று அழுதேன். பெரியவருக்காக அழுதேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவருக்காகவும் அழுதிருக்கலாம், எனக்குச் சரியாக நினைவில்லை.

லாரி ஓட்டுநர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பாவம்தான். அவர் மனைவிக்கு ஒருநாள் பன்றி இறைச்சிக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். என்றாலும் அந்த வளைவில் அவர் வேகம் குறைத்திருக்கலாம்.

இப்போது நீங்கள் எழுதப்போவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கொலை என்று எழுதினால் லூ பெரியவர் சாலைக் கணக்கிலிருந்து போய்விடுவார் என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சந்திப்பில் மறுபடியும் சாவு ஒன்றுகூட இல்லை. வண்டி தேங்குகிறது என்று காரில் போகிறவர்கள் இப்போதே புலம்புகிறார்கள். கணக்கில் சாவு இல்லை என்று தெரிந்த நாளில் விளக்கைப் பழையபடி மாற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெரியவர் எதற்காகப் போனார் என்று ஆகிவிடும். அவருக்கு அந்த அநியாயத்தைச் செய்யாதீர்கள்.

படத்தை இன்னும் வேறு யாரும் பார்க்கவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். விபத்து என்றே எழுதிவிடுங்கள் ஐயா. அப்படி எழுதினால் நான் வீட்டுக்குப் போய், கடை திறந்து, நாளைக் காலையும் அங்கே கொடி பிடித்து நிற்க வேண்டியிருக்கும். அதையும் தாங்கிக்கொள்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை.