லண்டனுக்கு வருவதாகச் சொன்னவர்

கனடாவில், பார்க் நிலையத்தில் நான் மெட்ரோ ரயில் ஏறியபோது, எதிர் இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நான் இங்க இருந்தே படிச்சு லண்டன் சட்டப் பட்டப் பரீட்சை பாஸ் பண்ணினால், பட்டமளிப்புக்கு அங்க வருவன் எண்டு சொன்னீங்கள். நான் பாஸ் பண்ணின உடன அது ஒப்பந்தமாகிட்டுது. இனி மாறேலாது."

"எனக்குப் பிளேன் எண்டால் பயம். கனடா வந்த பிறகு நான் ஏறவேயில்லை."

"இங்கிலாந்துச் சட்டத்தில பயம் ஒரு காரணமில்லை."

கணவர் சிரித்தார். "புருஷன் பெண்சாதி வீட்டுக்குள்ள குடுக்கிற வாக்கைக் கோர்ட் பெரும்பாலும் எடுக்காது. பரீட்சைக்கு உமக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிட்டுது."

அந்தப் பெண் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஓம், அது சரிதான். கோர்ட்டுக்குப் போகேலாது. ஆனால் மேடையில நிண்டு நான் பாக்கேக்க, நீங்கள் அங்க இருக்கவேணும்."

ழான்-தலோன் நிலையம் வரும்வரை கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பட்டதாரியின்ர புருஷன் எண்டு சொன்னால் முன்வரிசையில இருத்துவினமே?"

"இருத்துவினம்."

"அப்ப பிளேனில ஜன்னல் பக்கம் நீர் இரும்."