தலைவரின் பூசணி விதை

மனைவி: மறுபடியும் விதை பாட்டிலைத் திறந்தாச்சா? மூடியே தேஞ்சிடும்.

தலைவர்: சும்மா... விதையை நலம் விசாரிச்சேன். பத்து மணிக்கு மாடித் தோட்ட மன்றத்துல பேசணும். அத்தனை பேரும் என் பூசணி விதையைப் பார்க்கத்தான் வர்றாங்க.

மனைவி: அதான் வாசலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடையா நடக்குறீங்களா? உட்காருங்க. டீ போட்டிருக்கேன்.

தலைவர்: டீ கிடக்கட்டும், பேச்சைக் கேளு. "மாடித் தோட்டத் தோழர்களே! மிச்ச விதைக்கு ஈரம்தான் எமன். காய வை, குளிர்ல வை, இருட்டுல வை! அடுத்த பருவம் வரைக்கும் உயிர் போகாது!"

மனைவி: பிரமாதம். பாட்டில் உள்பக்கம் எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது?

தலைவர்: அது... விதை மூச்சு விடுது.

மனைவி: உங்களைவிட அதுக்குப் பதற்றம் அதிகம் போல.

தலைவர்: கிண்டலா? செயலாளர் இந்த விதையை ஈரத்துணியில சுத்தி மன்றத்துலயே வைக்கப் போறானாம். முளைக்கலைன்னா என் நாற்காலி அவனுக்கு.

மனைவி: ஏன் முளைக்காது? போன கூட்டத்துல என்ன பேச்சு! "இந்தப் பொன்னிறத்தைப் பாருங்க, நல்லா முத்தின விதைக்குத்தான் வரும்"னு...

தலைவர்: ம்... பேசினேன்.

மனைவி: இன்னிக்கு வெளுத்துப்போய்க் கிடக்கே?

தலைவர்: ஜன்னல் வெளிச்சம் அப்படி.

மனைவி: சரி. டீ வடிகட்டி ஏன் ரோஸ் கலர்ல இருந்துச்சு?

தலைவர்: எ... எந்த வடிகட்டி?

மனைவி: வீட்டுல எத்தனை இருக்கு? இந்தாங்க, ஆறிடும்.

தலைவர்: எனக்கு வேண்டாம். நீயும்... வெறும் வயித்துல ஆகாது.

மனைவி: இத்தனை வருஷமா ஆச்சே. நான் குடிக்கிறேன், போங்க.

தலைவர்: ஐயோ குடிக்காதே! கீழே வை! அந்த வடிகட்டியிலதான் விதையைக் கழுவினேன்!

மனைவி: கழுவினீங்களா? ஈரம் எமன்னு இப்பத்தானே...

தலைவர்: கடை விதைடி! பூச்சி மருந்து தடவி ரோஸ் சாயம் போட்டிருக்கான். அப்படியே கொண்டுபோனா குட்டு வெளிப்பட்டுடாதா? நேத்து கழுவி, காயறதுக்குள்ள அவசரத்துல மூடிட்டேன். இப்ப பூஞ்சை வேற...

மனைவி: பயப்படாதீங்க. அந்த வடிகட்டியைக் காலையிலயே தூக்கிப் போட்டுட்டேன். இது பக்கத்து வீட்டுல வாங்கினது.

தலைவர்: அப்போ தெரிஞ்சேதான்...

மனைவி: உங்க வாயாலயே வரட்டும்னு பார்த்தேன். நம்ம விதை என்னாச்சு?

தலைவர்: ஈரத்துணியில சுத்திப் பார்த்தேன். ஒண்ணுகூட முளைக்கல. காய வச்சேன், குளிர்ல வச்சேன், இருட்டுல வச்சேன்... எங்கே தப்புன்னே புரியல. பொன்னிறமா எவ்வளவு அழகா இருந்துச்சு!

மனைவி: இருக்காதா? போன கூட்டத்துக்கு முன்னாடி உங்க தங்கச்சி திடீர்னு வந்து நின்னப்ப கொறிக்க ஒண்ணுமில்ல. ஃப்ரிட்ஜ்ல பேர் எழுதாத ஒரு பாட்டில்... வறுத்து வச்சேன், நீங்ககூட இன்னொரு கை கேட்டு வாங்கினீங்க. அப்புறம்தான் இது அந்த விதைன்னு உறைச்சுது. மிச்சத்தைச் சத்தமில்லாம பாட்டில்லயே கொட்டிட்டேன். பொன்னிறமா வர்ற வரைக்கும் விடாம கிளறினது நான்தாங்க.