அவர் கை நடுங்கியது

எனக்குக் காபிப் பழக்கம் கிடையாது, மேடம். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு காபி போடுகிறவள் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். காலையில் வெந்நீர், பத்து மணிக்கு ரெண்டு இட்லி, அவ்வளவுதான். பால் பொங்குகிற விதத்தைப் பார்த்தே எவ்வளவு சூடு என்று எனக்குத் தெரிந்துவிடும். நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையெல்லாம் இல்லை.

நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அன்றைக்கு உன் கையில் ஏன் துணி இருந்தது என்று. ஆறு மாதமாக ஹோட்டல் கேமராவில் பதிவான அந்த வீடியோவை எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். ஓனர் கிருஷ்ணப்பா பார்த்தார். போலீஸ் பார்த்தது. குழந்தையைப் பெற்றவர்கள் பார்த்தார்கள். பிரேசர் டவுனில் பாதிப் பேர் போனிலேயே பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். எல்லாரும் சீனிவாசராகவன் சாரின் கையைத்தான் பார்த்தார்கள். காபி போட்டவள் கையைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். லவினா மேடம் கெட்டிக்கார வக்கீல் என்று ஓனர் சொன்னது சும்மா இல்லை.

குழந்தை மகாவின் அம்மா வைஷ்ணவி ஹோட்டல் மேல் கேஸ் போட்டிருக்கிறார். சூடான காபி குழந்தைமேல் கொட்டியதற்கு ஹோட்டல் பொறுப்பா, அதைக் கையில் வாங்கின தாத்தா சீனிவாசராகவன் சார் பொறுப்பா என்பதுதான் விஷயம். தாத்தாவுக்கு எப்போதுமே கை நடுங்கும் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் நான் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.

இந்த கவுண்டருக்கு வருவதற்கு முன்னால் பதினொரு வருஷம் பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். காலை ஐந்தரையிலிருந்து கை தண்ணீரில்தான். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, பிளந்து, ரெண்டு நகம் விழுந்தே போயிற்று. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் தின்றேன். நீலசந்திராவில் எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் "பாஞ்சாலிக்கு ஆபீசர் பவிசு வந்துடுச்சு" என்று கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். புளித்தண்ணீர் பட்டால் உச்சந்தலை வரைக்கும் எரியும் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது. காபி போடுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். அன்றைக்கு மட்டும் நில் என்று ஓனர் என்னை நிற்க வைத்தார். நாலு வருஷமாக நிற்கிறேன்.

ஈரமில்லாமல் காய்ந்த கை என்றால் எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். தெரிய வேண்டிய அவசியம் வந்திருக்காது.

எங்கள் ஹோட்டலில் எல்லாம் நின்றுகொண்டு சாப்பிடுவதுதான், சர்வர் கிடையாது. கல்லாவில் டோக்கன் வாங்கி என் முன்னால் இருக்கிற கருங்கல் மேடையில் வைத்தால், நான் டம்ளரை அந்தக் கல்மேல் வைப்பேன். கல்லிலிருந்து எடுத்துவிட்டால் அப்புறம் அது கஸ்டமர் பாடு. செல்ஃப் சர்வீஸ் என்று போர்டும் இருக்கிறது. நீங்கள் கோர்ட்டில் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள் என்று ஓனர் சொன்னார். நல்ல பாயிண்ட். நானும் அதை முன்னாலேயே யோசித்து வைத்திருந்தேன்.

சீனிவாசராகவன் சார் டெலிபோன் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தினமும் காலையில் பார்க்கைச் சுற்றிவிட்டு ஏழு மணிக்கு வருவார். காபியை எடுத்துக்கொண்டு நகரமாட்டார். அங்கேயே ஒரு வாய் குடித்துவிட்டு, பின்னால் பத்துப் பேர் நிற்கையில், "சூடே இல்லையேம்மா" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொல்வார். நான் வாங்கி மறுபடி சூடு பண்ணித் தருவேன். அதையும் குடித்துவிட்டு, "பரவாயில்ல" என்பார். வயதானால் சில பேருக்கு நாக்கில் சூடு உறைக்காது. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் கஸ்டமரிடம் உங்கள் நாக்கு செத்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

அவர் சொல்லிச் சொல்லி மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மெஷின் கம்பெனிக்காரன் வந்து போய்க்கொண்டிருந்தான். பட்டனை அமுக்கினால் எல்லாக் காபியும் ஒரே சூட்டில் வருமாம். கிருஷ்ணப்பா கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான், கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

"பாஞ்சாலி, இன்னொந்து தடவை சூடு இல்லன்னு கம்ப்ளெய்ண்ட் வந்தா மெஷின் போட்டுடுவேன். நீ பின்னாடி போயிடு. கொத்தாய்த்தா?"

புரிந்தது என்று தலையாட்டினேன். பின்னாடி என்றால் பாத்திரம் கழுவுகிற தொட்டி. மறுநாள் சாரிடம் போய் நின்றேன், மேடம். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் என்னிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஓனர் காதில் விழுந்தால் என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடுவார், என் கையைப் பாருங்கள் என்று விரலை விரித்துக் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாமப் போச்சேம்மா" என்றார். நேராகக் கல்லாவுக்குப் போனார். எல்லார் எதிரிலும் ஓனரிடம், "கிருஷ்ணப்பா, இந்தப் பொண்ணு ரொம்ப நல்லவ. காபிதான் சூடே இருக்கறதில்ல. அதுக்காக அவளைப் பாத்திரம் தேய்க்க அனுப்பிடாதீங்கோ" என்றார்.

சிபாரிசு செய்தாராம். திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வேறு போனார், எல்லாம் பேசியாச்சு என்கிற மாதிரி. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், மேடம். நல்ல மனசோடு கெடுக்கிறவர்களை என்ன செய்வது? ஓனர் ஒன்றும் கத்தவில்லை. நாளைக்கு ஒருநாள் பார்க்கிறேன் என்றார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முழுக்க என் விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

இப்போது துணியைப் பற்றிச் சொல்கிறேன். பால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அண்டாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். கழுவின டம்ளர்களை அதில் முக்கி எடுத்துக் கவிழ்த்து வைப்போம். ஆறின பிறகுதான் காபி ஊற்றுவோம். அந்த டம்ளரை நான் வெறுங்கையால் எடுப்பேன், எல்லா வீடியோவிலும் பாருங்கள். அன்றைக்கு அவருக்கு மட்டும் கொதிக்கிற தண்ணீரிலிருந்து நேராக எடுத்தேன். அதனால்தான் துணி. வழக்கமாக முக்கால் டம்ளர் ஊற்றுவேன், அன்றைக்கு விளிம்பு வரைக்கும். வழக்கமாக ரெண்டு ஆற்று ஆற்றுவேன், அன்றைக்கு ஆற்றவில்லை. டவராவும் வைக்கவில்லை. கல்மேல் வைத்துவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஆத்திரம் என்று எழுதாதீர்கள். ஆத்திரம் இருந்தால் என் கை நடுங்கியிருக்கும். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அவர் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனார், நன்றாகத்தான் கொண்டுபோனார். அப்புறம் விரல் விட்டுவிட்டது. அன்றைக்குப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றரை வயது. அவர் காலைக் கட்டிக்கொண்டு கல்லுக்குக் கீழே நின்றது. கழுத்து, தோள், இடது கை. அந்தச் சத்தத்தை நான் சொல்ல வேண்டாம், வீடியோவில் சத்தம் கிடையாது என்பது எல்லாருக்கும் நல்லதாகப் போயிற்று.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் பிடித்தவள் நான்தான். பேஸ்ட் போடு, மாவு போடு என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். யாரையும் கிட்டே விடாமல் இருபது நிமிஷம் தண்ணீரிலேயே வைத்திருந்தேன். பச்சைத்தண்ணீர் விட்டதால்தான் இந்த மட்டும் தப்பித்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடது கையை இன்னும் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. வைஷ்ணவி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். ஓனர் மெஷின் பேச்சை எடுக்கவே இல்லை. இவ்வளவு நல்ல பெயர் வாங்கினவளை எப்படிப் பின்னாடி அனுப்புவது?

ஆஸ்பத்திரியில் வைத்தே சார் சொல்லிவிட்டார், தன் கைதான் தவறியது என்று. யாரும் அவரைக் கேட்கக்கூட இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதற்கப்புறம் மருமகள் வைஷ்ணவி அவரைக் குழந்தைப் பக்கமே விடவில்லை. "தொடாதீங்க மாமா" என்று கதவைச் சாத்துவாராம். அந்த வீட்டில் அவருக்கு வேறு என்ன வேலை? பேத்தியைத் தூக்கி வைத்திருப்பதுதான் வேலை.

மூன்று வாரம் கழித்து வந்தார். கூட்டம் குறைந்த நேரம். டோக்கன் வாங்கவில்லை. ரெண்டு கையையும் என் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, நீ பொய் சொல்லமாட்டே. அன்னிக்கு டம்ளர் ரொம்பச் சூடா இருந்துதா? இல்ல, என் கைதானா? நீ சொன்னா நான் வைஷ்ணவிகிட்ட போய்ச் சொல்வேன். குழந்தையை ஒரு தடவை தூக்கிக்கறேன்னு கேப்பேன்."

அந்தக் கைகளை நான் பார்த்தேன், மேடம். கல்லில் செதுக்கி வைத்த மாதிரி இருந்தன. ஒரு விரல் அசையவில்லை. சொல்லியிருக்கலாம். பக்கத்தில் கல்லாவில் ஓனர் இருந்தார்.

"எப்பவும் போலத்தான் சார் இருந்துச்சு. உங்க கைதான். இப்பக்கூட நடுங்குது பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் சுண்டுவிரல் ஆடியது. அப்புறம் மற்ற விரல்கள். அப்புறம் மணிக்கட்டு வரைக்கும் ஆடியது. "ஆமாம்மா, நடுங்கறது" என்றார். கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிற மாதிரி வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது இன்றைக்கு வரை நிற்கவில்லை. டாக்டர் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாராம், ஒரு வியாதியும் இல்லையாம். ரெண்டு மாதத்தில் மகன் அவரை ஆனேக்கல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

ஆகவே நீங்கள் கேட்கிற கையெழுத்தில் பொய் இல்லை, மேடம். அவர் கை நடுங்குகிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன கேட்டீர்கள்? வீடியோவில் கல்மேல் இருக்கிற இன்னொரு டம்ளரா?

அதையும் பார்த்துவிட்டீர்கள். சரி. அது பால். குழந்தைக்கு.

குழந்தையைப் பார்க்கவே இல்லை என்று போலீசில் சொன்னேன். என் பக்கத்திலிருந்து கல்லுக்குக் கீழே தெரியாது என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். தெரியாதுதான். ஆனால் அது முதலில் எம்பி எம்பிக் கல்லைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எனக்குப் பால்" என்றது. தலையில் ரெண்டு சிவப்புக் கிளிப். தரேன் கண்ணு என்று சொன்னேன். நாக்குச் சுட்டுவிடப் போகிறது என்று பத்துப் பன்னிரண்டு தடவை ஆற்றினேன். வீடியோவில் எண்ணிப் பாருங்கள். ஆற்றுகிற நேரத்தில்தான் யோசித்தேன். காபி அவர் மேலேயே கொட்டினால் ரொம்பச் சூடு என்று அதற்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் சொல்வார். நான் பின்னாடி போக வேண்டியதுதான். குழந்தைமேல் கொட்டினால் சொல்லமாட்டார். தன் கையைத்தான் சொல்வார். அவர் அப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்குத் தெரியும். பாலை ஓரமாக வைத்துவிட்டு அண்டாவிலிருந்து டம்ளரை எடுத்தேன். அவர் நிற்கிற இடத்தில் வைக்காமல், குழந்தை நிற்கிற பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் காட்டுங்கள், எந்தக் காகிதமாக இருந்தாலும் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். இது ஆனேக்கலுக்குப் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்து அங்கே போகிறேன். மூன்று மாதமாக ஒரு வாரம் தவறவில்லை. இந்தக் கையில் எதையும் குடுக்காதே என்று அவர் டம்ளரைத் தொடவே மாட்டார். ஃபிளாஸ்கில் கொண்டுபோய், நன்றாக ஆற்றி, நான்தான் வாயில் பிடிக்கிறேன். புறங்கையால் வாயைத் துடைக்கக்கூட அவருக்குப் பயம், துடைத்தும் விடுகிறேன். எல்லாரும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள், நீ ஒருத்திதான் என்மேல் கோபப்படவில்லை என்பார். போன வாரம் என் விரல்களைப் பார்த்து, புண்ணெல்லாம் ஆறிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்.

உண்மை தெரிந்தால் மகன் வந்து அழைத்துப்போவார், குழந்தையைக் கொடுப்பார்கள், கை நின்றாலும் நின்றுவிடும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு தடவை கதவைச் சாத்தினவர்கள் மறுபடி சாத்தமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? நான் அப்படி விட்டுவிட்டு வருகிறவள் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள் மேடம், இந்த வயதில் அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?